பன்னிரண்டு விநாடி

லியெபாயா. துறைமுகம் உறையாத ஊர்.
குழாய்கள் உறையும்.
ஊர் முழுக்க வெந்நீர் ஓட்டி
வீடுகளைச் சூடாக்கும் கம்பெனியில்
தொலைபேசிப் பெட்டி என் பொறுப்பு.

நவம்பரில் வீடியோ அழைப்பும் வேண்டும் என்றார்கள்.
கசியும் இடத்தை வாடிக்கையாளரே கேமராவில் காட்டினால்
ஆல்விஸ் சும்மா வண்டியெடுக்க வேண்டாமே.
இணையத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வாசல் திறந்தேன்.
வாசலுக்குப் பின்னால் விதிகள்:

பகலா, வரவேற்பு மேசை.
இரவா, பதிவுக் குரல்.
கசிவுக்கு ஒன்றை அழுத்துக, கட்டணத்துக்கு இரண்டு.
பன்னிரண்டு விநாடி சத்தமில்லையா, துண்டி.

கடைசி விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமை.
போதையில் எண்ணைத் தட்டிவிட்டுத் தூங்கிப்போகிறவர்கள்,
பாக்கெட்டுக்குள் தானாக அழுந்திக்கொண்ட போன்கள்
எல்லாம் அதில் உதிர்ந்துவிடும்.

ஜனவரியில் மாதக் கணக்கு எடுத்தேன்.
ஒரே முகவரியிலிருந்து நாற்பத்தொரு அழைப்பு.
இரவு ஒன்பது முப்பது. ஒன்பது முப்பத்தொன்று.
ஒன்பது முப்பத்திரண்டு.
ஒவ்வொன்றும் பன்னிரண்டு விநாடி.
குறும்பு என்று தடைப் பட்டியலில் சேர்க்கப் போனவன்,
எதற்கும் இருக்கட்டுமென்று ஒலிப்பதிவைப் போட்டேன்.
எங்கள் பதிவுக் குரல் மட்டும்
மிக மரியாதையாக
ஒன்றை அழுத்துக என்று சொல்லிக்கொண்டிருந்தது.

படம் எங்கே?
பதிவுக் குரலுக்குப் படம் எதற்கென்று
இரவு வழியில் வீடியோ கோடெக்கை
நானேதான் அணைத்து வைத்திருந்தேன்.
ஒரு டிக். அவ்வளவுதான் வேலை.
என் திரைக்கும் ஒரு கிளை இழுத்துவிட்டு
ஒன்பதரைக்குக் காத்திருந்தேன்.

ஒரு சமையலறை. கம்பளித் தொப்பி போட்ட பெண்.
உதடு அசையவில்லை. கைகள்.
இரண்டு முஷ்டிகளை மார்போடு சேர்த்து நடுக்கினாள்.
ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டினாள்.
பிறகு விளக்கடியில் நின்று ஊதினாள்:
வீட்டுக்குள்ளே, மூச்சு, வெள்ளையாக.

செவிடன் காதில் ஊதிய சங்கு.
ஊதியவள் அவள், நாற்பத்திரண்டாம் முறையாக.
காது எங்களுடையது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
என் விதி அவளை வெட்டியது.

இயந்திரம் மேலிருந்து கீழாகப் படிக்கும்,
முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும்.
அதனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி நுழைத்தேன்:
படம் வந்தால்
குரல் போடாதே, விநாடி எண்ணாதே,
இரவு மேசைக்கு நேரே விடு.

இரவு மேசையில் ஜின்த்ரா.
"எனக்குச் சைகை தெரியாதே."
"எழுதத் தெரியுமில்லையா?"

ஒன்பது நாற்பத்தேழுக்கு மணி அடித்தது.
தடித்த மார்க்கரால் எந்த வீடு என்று எழுதிப் பிடித்தாள்.
தன் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரியவே பதறி,
இன்னொரு தாளில்
கண்ணாடி எழுத்தாகத் திருப்பி எழுதினாள், நாக்கைக் கடித்தபடி.
அந்தப் பக்கம் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
முதல் தாளே சரி, முதல் தாள், என்று விரலால் காட்டினாள்.
சிரித்ததும் புகையாக வந்தது.

பெயர் விஸ்மா. நான்காம் மாடி. வால்வு அடைப்பு.
ஆல்விஸ் வண்டியெடுத்துப் போனான்,
இந்த முறை முணுமுணுக்காமல்.

விதிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத
அறுபது எழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
என்னென்னவோ எழுதி அழித்துவிட்டு
இதைக் கீழே இறக்காதே
என்று மட்டும் விட்டேன்.

ஒன்பதரை ஆனால் இப்போதும் திரையைப் பார்க்கிறேன்.
அவள் அழைப்பதில்லை. சூடு வந்திருக்க வேண்டும்.

தடைப் பட்டியலில் இன்னும் பதினாறு பேர்.
டிசம்பரில் நான் சேர்த்தவர்கள்.
காரணம் என்ற இடத்தில் பதினாறுக்கும் ஒரே சொல்,
மௌனம்.
முதல் பெயரின் மேல்
சுட்டி நிற்கிறது.